எட்டு மணிக்கு வரும் எண்

செழியன் செத்துப் பதினேழாம் நாள், இரவு எட்டு மணிக்கு, அவனுடைய போனிலிருந்து பரிதிக்கு வாட்ஸ்அப் வந்தது. 4.9. அவ்வளவுதான்.

பரிதி பாபநாசத்தில் தன் வீட்டு மொட்டைமாடியில் பைனாகுலரோடு நின்றிருந்தான். வடக்கே மங்கலாகத் தெரியும் அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை அவனும் செழியனும் இரண்டு மாதமாக அளந்து வந்தார்கள். வி.வி. செபி என்று பெயர். அது ஒன்றல்ல, இரண்டு. ஊதிப்போன ஒரு சிவப்புப் பூதம், அதோடு சேர்ந்து சுற்றும் சின்ன நீல நட்சத்திரம். இருபது வருடத்துக்கு ஒருமுறை நீலம் சிவப்பின் பின்னால் போய் மறையும். திரும்பி வர ஒன்றரை வருடத்துக்கு மேலாகும். இப்போது அது மறைந்திருக்கிற காலம். கண்ணால் பார்ப்பவனுக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. கூட இருந்தவன் போய்விட்டான் என்று அந்தச் சிவப்பு முகத்தில் எழுதியா இருக்கும்?

பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு ஒளியை எண்ணாகச் சொல்ல வேண்டும். எண் கூடினால் ஒளி குறைவு. ஒருவர் எண் மற்றவருக்கு முன்கூட்டியே தெரியக் கூடாது. அதனால் செழியன் திருக்காட்டுப்பள்ளியில் பார்ப்பான், பரிதி இங்கே. சரியாக எட்டு மணிக்கு இருவரும் அனுப்புவார்கள்.

கடைசி வாரம் செழியன் தினமும் 4.9 என்றான். பரிதிக்கு 4.5. "கண்ணு அவிஞ்சு போச்சாடா உனக்கு? எங்க மாடிக்கு வா, நேர்லயே காட்டுறேன்" என்று குரலைப் பதிந்து அனுப்பினான் பரிதி.

"வரேன்டா" என்று பதில் வந்தது.

மறுநாள் இருட்டுகிற நேரத்தில் பைக்கில் கிளம்பியவன் ஆறாவது கிலோமீட்டரில் விழுந்தான். குறுவை நெல்லை ரோட்டிலேயே காயப்போட்டு, குவித்து, கறுப்புத் தார்ப்பாய் மூடி, சுற்றிலும் கல் வைத்திருந்தார்கள். அன்று அந்த வழியில் போன மற்ற எல்லோரும் ஒதுங்கித்தான் போனார்கள்.

பரிதி சாவுக்குப் போகவில்லை. யாருக்கும் நடக்கக்கூடிய விபத்து என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். என்னால்தான் செத்தானா என்ற கேள்வியை வாய்விட்டுக் கேட்கவே இல்லை.

மழை பெய்த நாட்களில் எண் வரவில்லை. வானம் தெளிந்த நாட்களில் மட்டும் வந்தது. அனுப்புவது யாரானாலும், மேலே பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். ஆறாவது எண் வந்த மறுநாள் காலை, பரிதி பஸ் ஏறினான்.

செழியனின் மனைவி வேம்பு கதவைத் திறந்தாள். "வாங்கண்ணே. சாவுக்கு வரல, எண்ணுக்கு வந்துட்டீங்க."

"அந்தப் போன்லேருந்து யாரும்மா அனுப்புறது?"

"நாந்தான். எண்ணு எப்பவும் என்னோடதுதான்." அவள் உட்காரச் சொல்லவில்லை. "சக்கர வியாதி வந்து ரெண்டு வருஷமா பொழுது சாஞ்சா அவருக்குக் கண்ணு தெரியாது. நான் பாத்துச் சொல்லுவேன், அவர் அனுப்புவாரு. பரிதிக்குத் தெரிஞ்சா என்னச் சேத்துக்க மாட்டான்னாரு."

"அப்புறம் எப்படிம்மா வண்டில…"

"பஸ்ல போங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். பஸ்ல போனா அவனுக்குச் சந்தேகம் வந்துரும்னாரு. உங்க மாடில நின்னு சொல்றதுக்கு என்கிட்ட எண்ணையும் கேட்டுக்கிட்டுப் போனாரு. நாலு புள்ளி ஒம்போது."

பரிதி தன் போனில் இருந்த பழைய எண்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"ஒண்ணு சொல்லட்டுமாண்ணே? நீங்க செவப்ப மொறச்சுப் பாக்குறீங்க. மொறச்சா செவப்பு ஏறும். வெடுக்குன்னு பாத்துட்டுக் கண்ண எடுத்துரணும். நான் சொன்ன எண்ணுதான் சரி."

"அனுப்பாதம்மா. நிறுத்திடு."

அவள் செழியனின் போனை எடுத்துத் தட்டினாள். கண்ணு அவிஞ்சு போச்சாடா உனக்கு என்றது பரிதியின் குரல். வீட்டுக்குள் அது சிரிப்பு மாதிரி கேட்டது.

"நீலம் வெளிய வர்ற வரைக்கும் பாக்கணும்னாரு. நான் பாப்பேன். நீங்களும் பாருங்க" என்றாள் வேம்பு.

அன்றிரவு வானம் தெளிவாக இருந்தது. பரிதி மாடிக்குப் போனான். வெடுக்கென்று பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்தான். மறுபடியும் அப்படியே. எத்தனை முறை பார்த்தாலும் 4.9தான்.

எட்டு மணிக்குப் போன் அதிர்ந்தது. அவனும் 4.9 என்று அனுப்பினான். செழியன் என்ற பெயருக்குக் கீழே, உடனே இரண்டு நீல டிக்குகள் விழுந்தன.