விஜயதசமி பில்டு

தொண்ணூற்றெட்டில் குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டு மேல் இருந்த ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் நானும் சிட்டிபாபுவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். மெஷின் பெட்டிகளை இரண்டாவது மாடிக்குத் தூக்குகிற வேலை. லிஃப்ட் கிடையாது. சிட்டிபாபு என் மனைவி பொன்னியம்மாளின் தம்பி, என்னைவிடப் பத்து வயது சின்னவன். அவனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டதே நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் இதைச் சொல்லவே இல்லை.

ஆறே மாதத்தில் அவனை மெஷின் ரூமில் உட்காரவைத்தார்கள். ஏசி ரூம். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அவனுக்குச் சக்கரம் வைத்த நாற்காலி. நான் மூச்சு வாங்கிக்கொண்டு பெட்டியை வாசலில் இறக்கினால், எழுந்திருக்காமல் நாற்காலியோடு உருண்டு வந்து, "மாமா, இப்டி ஓரமா வை" என்பான்.

அவன் பத்தாவது ஃபெயில். இங்கிலீஷ் எழுத்து தெரியும். நான் முப்பத்தெட்டு வயதில், செம்பாக்கத்தில் சாயங்கால வகுப்பில் உட்கார்ந்து அ, ஆ எழுதியவன். தமிழ்ப் பேப்பர் தடங்கலில்லாமல் படிப்பேன். இங்கிலீஷ் என்றால் எழுத்து எழுத்தாகக் கூட்டவேண்டும். நான் ஒரு வார்த்தையைக் கூட்டி முடிப்பதற்குள் அவன் அந்த வரியையே முடித்துவிடுவான். நாற்காலி அவனுக்குப் போனதற்கு அதுதான் காரணம்.

அங்கே நடந்த வேலை இதுதான். கம்ப்யூட்டரில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் எழுந்து நிற்கிற புரோகிராமுக்குக் கெர்னல் என்று பெயர். உள்ளே செருகியிருக்கும் ஒவ்வொரு கார்டிடமும் அது பேசவேண்டும். அதற்கு ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு டிரைவர். லாரி டிரைவர் இல்லை, இதுவும் புரோகிராம்தான். எங்கள் கம்பெனி ஒரே கெர்னலை இரண்டு தினுசு மெஷினுக்குக் கட்டிக்கொடுத்தது. ஒன்று இன்டெல், இன்னொன்று ஆல்பா. கட்டுவதைப் பில்டு என்பார்கள்.

டிரைவர் எதுவும் தனியாக நிற்காது. டிஸ்க் கார்டு டிரைவர் வேண்டுமென்றால் அதற்கு அடியில் இன்னொன்று இருக்கவேண்டும். அது இல்லாமல் இதைக் கேட்டால் பில்டு பாதியில் படுத்துவிடும். சில டிரைவர் இன்டெலில்தான் ஓடும், ஆல்பாவில் கட்டவே முடியாது. எது எதை நம்பி நிற்கிறது, எது எந்த மெஷினுக்கு ஆகாது என்பதையெல்லாம் அபிதகுஜாம்பாள் மேடம் ஒரு ஃபைலில் எழுதி வைத்திருந்தார். அந்த ஃபைல் சரியாக இருந்தால், ஆகாத டிரைவரை நாம் கேட்டாலும் கம்ப்யூட்டர் கொடுக்காது. பதினைந்து வருஷம் கட்டட வேலையில் சாரம் கட்டியவனுக்கு இது புரியாதா? கீழ்க்கழி ஊன்றாமல் மேல்கழியைக் கட்ட முடியாது. சுவருக்குக் கட்டுகிற கட்டு தூணுக்கு ஆகாது. மேடம் போர்டில் படம் போட்டு மற்றவர்களுக்குச் சொன்னபோது, வாசலில் பெட்டியோடு நின்ற எனக்குத்தான் முதலில் புரிந்தது. என்னை யாரும் கேட்கவில்லை.

சிட்டிபாபுவின் வேலை, தினமும் காலையில் ஒவ்வொரு மெஷினின் பின்பக்கமும் குனிந்து, கார்டில் இருக்கும் நம்பரைப் பார்த்து, ஒரு தாளில் டிக் போடுவது. அந்தத் தாளைப் பார்த்துத்தான் மேடம் பில்டு ஆரம்பிப்பார். அவன் குனியவே மாட்டான். நேற்றுத் தாளைப் பக்கத்தில் வைத்து இன்றைக்குத் தாளில் டிக் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவான். பல நாள் பார்த்திருக்கிறேன்.

ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது முதலாளி ஏகநாதன் சார் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "மெஷின் ரூமுக்கு ஒரு ஆளைப் பெர்மனென்ட் பண்ணப் போறேன். ஒரு ஆள்தான். பூஜை முடிஞ்சதும் சொல்றேன்" என்றார்.

எனக்கு அப்போது நாற்பத்து நாலு. மாடி ஏறும்போது இடுப்பில் ஒரு இடம் சுரீர் என்று பிடிக்கும், கைப்பிடிச் சுவரில் பெட்டியைச் சாய்த்து நின்றுவிட்டு ஏறுவேன். இன்னும் ஒரு வருஷம் தூக்கலாம். அதற்கு மேல் முடியாது. அந்த நாற்காலி கிடைத்தால் பிழைத்தேன்.

வீட்டில் பொன்னியம்மாள் சோறு போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"என் தம்பி ஷூ வாங்கிக்கீறான், பாத்தியா?"

"செருப்பையே வெளிய வுட்டுட்டுப் போற ரூம்பு அது. அங்க ஷூ எதுக்கு?"

"உனுக்கு வயித்தெரிச்சல்."

"எனுக்கா? அவன் மேலியா?"

"பின்ன இன்னா, அஜீரணமா?" என்று சொல்லி, ரசத்தை ஊற்றிவிட்டுப் போனாள்.

பூஜைக்கு முந்தின நாள் எல்லா மெஷினையும் நிறுத்தித் திறந்து சுத்தம் செய்வது கம்பெனி வழக்கம். கார்டுகளைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசி தட்டி, மறுபடி செருகவேண்டும். கழற்றிச் செருகுவது நான். சிட்டிபாபு வாசலில் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தான். என் கையில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் இருந்தன. ஆல்பாவில் இருந்தது பழசு. இன்டெலில் இருந்தது புதுசு. இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரி ஸ்லாட்டில் உட்காரும்.

மாற்றிச் செருகினேன். கை தவறி இல்லை, வேண்டுமென்றேதான்.

அவன் வழக்கம்போல் குனியாமல் பழைய தாளைப் பார்த்து டிக் போடுவான். பில்டு முடியும். மெஷினை எழுப்பினால் உள்ளே இருக்கிற கார்டுக்கு டிரைவர் இருக்காது, நெட்வொர்க் வேலை செய்யாது. திறந்து பார்ப்பார்கள். பார்க்காமல் டிக் போட்ட குட்டு வெளியே வரும். நான் நினைத்தது இவ்வளவுதான்.

மறுநாள் பூஜை நடந்தது. எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். அன்றைக்கு எதையும் தொடக்கூடாது. அதற்கு அடுத்த நாள் விஜயதசமி, வியாழக்கிழமை. கற்பூரம் காட்டிவிட்டு, புது வருஷ வேலைபோல ஒரு பில்டை ஆரம்பித்து வைப்பார்கள். அது நல்லபடி முடிந்தால் அந்த வருஷம் நன்றாக இருக்கும் என்று ஏகநாதன் சாருக்கு ஒரு நம்பிக்கை. சிட்டிபாபு தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தான். மேடம் இரண்டு மெஷினிலும் பில்டைத் தட்டிவிட்டார். எல்லோரும் பொரியும் சுண்டலும் சாப்பிட்டோம்.

இன்டெல் முடிந்துவிட்டது. பதினொரு மணிக்கு ஆல்பா நின்றுபோனது. ஸ்கிரீன் முழுக்க எரர்.

நான் நினைத்தது இது இல்லை. பில்டு நிற்காது என்றுதான் நினைத்திருந்தேன்.

"விஜயதசமியும் அதுவுமா இப்படியா?" என்று ஏகநாதன் சார் சுண்டல் பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

மேடம் ஸ்கிரீனைப் படித்துவிட்டுத் திரும்பினார். "சிட்டிபாபு, ஆல்பாவுக்கு இந்தப் புது கார்டை ஏன் டிக் போட்டிருக்க?"

"பின்னாடி குனிஞ்சு பாத்தேன் மேடம். இந்த நம்பர்தான் இருந்துச்சு. அதான் போட்டேன்."

குனிந்து பார்த்தானாம்! எனக்குக் காது சூடாகிவிட்டது. மேடம் போய்ப் பார்த்தார். அந்தக் கார்டுதான் இருந்தது. திரும்பி வந்து டிரைவரைத் திறந்து படிக்கப் படிக்க, அவர் முகத்தில் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது.

"சார், தப்பு என்னோடது. இந்த டிரைவர்ல பாதி இடம் இன்டெல் பாஷையிலயே எழுதியிருக்கு. ஆல்பாவில கட்டவே முடியாது. ஃபைல்ல 'இன்டெல் மட்டும்'னு ஒரு வரி போட்டிருக்கணும், விட்டுட்டேன். திங்கட்கிழமை பெங்களூர்லேருந்து கஸ்டமர் வர்றாங்களே, அவங்க ஆல்பா எல்லாத்துலயும் இந்தக் கார்டுதான். அவங்க முன்னாடி நின்னிருந்தா மானம் போயிருக்கும். இப்போ நாலு நாள் இருக்கு, ஆல்பாவுக்கும் எழுதிடலாம்." பிறகு அவன் பக்கம் திரும்பி, "நல்லா பார்த்திருக்க சிட்டிபாபு. சபாஷ்" என்றார்.

அவன் தலையைச் சொறிந்தான். ஏகநாதன் சார் அவன் தோளைத் தட்டினார். "இனி யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? ரூம் இவனுக்குத்தான்."

நான் குழி வெட்டினேன், அதிலிருந்து இவனுக்குப் புதையல் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் எனக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அந்தச் சபாஷ் என்னுடையது. கார்டை ஆல்பாவில் செருகியது என் கை.

"சார், அந்தக் கார்டை மாத்துனது நானு" என்றேன்.

ஏகநாதன் சார் சிட்டிபாபுவின் தோளிலிருந்து கையை எடுத்தார்.

"தெரியாம மாறிடுச்சா அண்ணா?" என்றார் மேடம்.

"தெரியாம இல்ல மேடம். தெரிஞ்சேதான் மாத்துனேன்."

"ஏன்?"

சபாஷைக் கேட்டு வாங்குகிற அவசரத்தில் இந்தக் கேள்வி வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏகநாதன் சாரின் புருவம் மேலே போனது.

"நான்தான் மேடம் மாமாகிட்ட சொன்னேன்" என்றான் சிட்டிபாபு. "கஸ்டமர் கார்டு இதுதானே, ஆல்பாவில ஒத்துக்குதான்னு ஒரு தடவை பார்த்துடலாம்னு. உங்ககிட்ட கேட்காம செஞ்சது தப்புதான்."

மேடத்துக்கு இன்னும் சந்தோஷம். ஏகநாதன் சார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "துளசிங்கம் நல்ல ஆளு. சொன்ன வேலையை ஒழுங்கா செய்வாரு" என்றார்.

சொன்ன வேலையை. யார் சொன்ன வேலையை?

மத்தியானம் புதுப் பெட்டிகள் வந்தன. நான் கீழே இறங்க, அவனும் பின்னாலேயே வந்தான். முதல் மாடித் திருப்பத்தில் நின்றோம்.

"மாமா, ஏன்னு கேட்டாங்களே, இன்னா சொல்லியிருப்ப?"

"உண்மையத்தான்."

"சொல்லியிருந்தா இந்நேரம் வூட்ல குந்தினு இருப்ப. அக்கா என்னியப் போட்டு காய்ச்சும்."

அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தும் அவன் முகத்தில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"நீ ஒரு நாளும் குனிஞ்சு பாக்க மாட்டியேடா. இன்னிக்கு மட்டும் எதுக்குடா பாத்த?"

"விஜயதசமி மாமா. இன்னிக்கு ஒரு நாளாவது ஒயுங்கா வேலை செய்லாம்னு பாத்தேன்." சிரித்தான். "மத்த நாளா இருந்தா நீ நெனச்ச மாதிரியே மாட்டியிருப்பேன்."

அவனுக்கு நான் நன்றி சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. நாற்காலி அவனுக்குப் போய்விட்டது, சபாஷும் போய்விட்டது, அதெல்லாம் சரி. மேடம் "ஏன்?" என்று கேட்ட மாத்திரத்தில் அவ்வளவு அழகான ஒரு பொய் அவனுக்குத் தோன்றியதே, எனக்கு ஏன் தோன்றவில்லை என்றுதான் நெஞ்சு எரிந்தது. அந்தப் பொய்யை நான் சொல்லியிருந்தால் ரூம் எனக்கே வந்திருக்கும்.

கீழே வேனில் மூன்று பெட்டிகள் இருந்தன. பெரியதை நான் இழுத்தேன். அவன் புது ஷூவோடு வந்து மறுமுனையைப் பிடித்தான்.

"வுடுறா" என்றேன்.

"இடுப்பு புடிச்சிக்கும் மாமா."

"வுடுறான்னா."

விட்டான். நான் தோளில் ஏற்றிக்கொண்டு படியேறினேன். அவன் பெட்டிக்கு அடியில் கையை ஏந்தி, ஆனால் தொடாமல், ஒவ்வொரு படியாக என் பின்னாலேயே ஏறி வந்தான்.