இடது தோளில் தைத்த பஞ்சு

"ராத்தா, இந்தச் சட்டையில வச்சிருக்கிற பஞ்சை வெட்டி எடுத்துட்டுத் தாங்க."

கேதீஸ்வரி இப்படிச் சொன்னதும், காத்தான்குடியில் நஸீறா ராத்தாவின் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் டக்கென்று நின்றது. கேதீஸ்வரியின் தாய் சீதேவிப்பிள்ளை நிலத்தைப் பார்த்தாள். எதை வேணுமெண்டாலும் கேள், இதை மட்டும் வாய் திறந்து கேட்டிராதே என்று வருசக்கணக்காக வாய்ப்பாடு மாதிரிச் சொல்லி வளர்த்தவள் அவள்.

"இவள் பகிடி விடுறாள் நஸீறா. நீ தை."

"பகிடி இல்ல."

"நாளைக்கு மாப்புள வீட்டாக்கள் வாறாங்க எண்டு அவசரப்படுத்தினது நீங்கதானேக்கா," என்றாள் நஸீறா. "தாயும் மகளும் பேசி ஒரு முடிவச் செல்லுங்க. நடுவுல என்னப் போட்டு இழுக்காதீங்க."

நஸீறா கெட்டிக்காரி. கேதீசின் வலது தோள் ஏறி நிற்கும். முதுகில் அந்தப் பக்கத்து எலும்பு புடைத்துத் தெரியும். இடப்பக்கத்துக்கு இலவம் பஞ்சை மெல்லிசாகத் தட்டி, இரண்டு துணிக்கு நடுவில் வைத்துத் தைத்து, ரெண்டு பக்கத்தையும் சமனாக்கி விடுவாள். பள்ளிக்கூடச் சட்டையிலிருந்து பட்டமளிப்புக்குக் கட்டின சாறிச் சட்டை வரைக்கும் அவள் கைவேலைதான். கம்பஸில் ஒரு குருவிக்கும் தெரியாது.

நோதான் பஞ்சுக்குள் அடங்கவில்லை. வந்தாறுமூலைக் கம்பஸுக்குப் பஸ்ஸில் நின்று போய் இறங்கினால் விலாவுக்குள் யாரோ ஆணி வைத்து அடிப்பார்கள். விரிவுரையில் ஒரு மணித்தியாலம் இருந்தால் இடுப்பு மரத்துப் போகும். "என்னடி எப்பவும் மூஞ்சிய நீட்டிக்கொண்டு?" என்று கூட்டாளிகள் கேட்பார்கள். தலையிடி என்பாள். நாலு வருசத் தலையிடி.

சுனாமிக்குப் பிறகுதான் இது வெளியில் வந்தது. நாவலடி வீடு அலையோடு போய், பள்ளிக்கூடமொன்றில் அகதியாக இருந்த நேரம். காயம் பார்க்க வந்த வெளிநாட்டு டொக்டர் ஒருத்தி, பதினாலு வயசுக் கேதீசைக் குனியச் சொன்னாள். முள்ளந்தண்டு வளையுது, இப்பவே கொழும்புக்குக் கொண்டு போனால் பெல்ட் போட்டு நிறுத்தப் பார்க்கலாம் என்றாள். சீதேவிப்பிள்ளை எல்லாத்துக்கும் தலையாட்டினாள். கொண்டு போகவில்லை.

அந்தக் காலம் பார்த்த பக்கமெல்லாம் காயக்காரர். அலையில் முறிந்த கால். அடுத்தடுத்த வருசங்களில் ஷெல்லில் போன கை. ஆட்கள் வந்து கேட்டார்கள், கூட இருந்து அழுதார்கள். கேதீசின் முதுகுக்கு அலையும் பொறுப்பில்லை, ஷெல்லும் பொறுப்பில்லை. அவள் வளர்ந்தாள், வளைந்தாள். அதைப் போய் யாரிடம் முறையிடுவது? பரம்பரை வருத்தம் எண்டு கதை கட்டுவாங்க, தங்கச்சியையும் ஒருத்தனும் எடுக்கமாட்டான் என்று தாய் வாயைப் பொத்தினாள்.

சண்டை முடிகிற வருசம் செக்பொயின்றில் உடம்பைத் தடவிப் பார்த்த ஆமிக்காரியின் கை இடது தோளில் நின்றது. அமத்திப் பார்த்தாள். கத்தினாள். நின்ற துவக்கெல்லாம் கேதீசின் பக்கம் கிறுகியது. தகர மறைப்புக்குள் கொண்டு போய்ச் சட்டையைக் கழட்டுவித்து, தையலை வெட்டிப் பஞ்சைக் கொட்டிக் கிளறினாள். குண்டைக் காணவில்லை. பிறகுதான் அந்த முதுகைக் கண்டாள். ஒன்றும் பேசாமல் சட்டையை நீட்டிவிட்டு, கேதீஸ் உடுத்தி முடிக்கும் மட்டும் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று பின்னேரமே சீதேவிப்பிள்ளை புதுப் பஞ்சோடு நஸீறாவிடம் வந்தாள்.

இப்போது சண்டை முடிந்து ஆறாவது வருசம். செக்பொயின்ற் போய்விட்டது. பஞ்சு போகவில்லை.

"கலியாணத்தண்டு ராவு அந்த மனிசனுக்கு என்ன சொல்றது?" என்றாள் கேதீஸ். "தலகாணியும் சீதனத்தோட சேர்த்தி எண்டா?"

நஸீறாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"கட்டின பிறகு தெரிஞ்சாத் தெரியட்டும். ஒரு பிள்ள வந்தா எல்லாம் சரியாப் போகும்."

"ஆருக்குச் சரியாப் போகும்? இப்பவே மூச்செடுக்கக் குத்துது."

"எங்கட ஆக்களுக்குள்ள முதல் டிகிரி எடுத்தவள் நீ. அலைக்குப் பிறகு கிடைச்ச திராய்மடு வீடும் உனக்குத்தான். இவ்வளவும் இரிக்கக்குள்ள ஒரு முதுகைப் புடிச்சித் தொங்குறாய்."

"டிகிரி உளையல்லம்மா. முதுகுதான் உளையுது."

சீதேவிப்பிள்ளையின் குரல் இறங்கியது. "ராவு ராவா நீ சீமெந்து நிலத்தில பிரண்டு பிரண்டு படுக்கிறத நான் காணல்லையா மகள்?"

கேதீஸ் தாயைத் திரும்பிப் பார்த்தாள். ராவில் படுகிற பாடு தாய்க்குத் தெரியாதென்றே இத்தனை வருசமும் நினைத்திருந்தாள். தெரியாதென்றால் மன்னித்து விடலாம்.

"கண்டுட்டும்தானே பஞ்சு வாங்கினீங்க."

கேதீசுக்குக் களைப்பாக இருந்தது. சண்டை பிடிக்கவும் நேராக நிற்க வேண்டியிருந்தது.

"காலமை அவருக்குப் போன் எடுத்தன்."

"ஆருக்கு?"

"கரடியனாத்து மாப்பிள்ளைக்கு. குகநேசனுக்கு."

"அடி பாவி! என்ன சொன்னாய்?"

"முள்ளந்தண்டு வளைவு, ஒவ்வொரு நாளும் நோ, இவ்வளவு நாளும் பஞ்சு வச்சு மறைச்சம் எண்டு. வேற என்னத்தச் சொல்ல?"

"அவர்?"

"வட்டைக்குள்ள வயல் வேலையில நிக்கிறன், பிறகு எடுக்கிறன் எண்டார்."

"எடுத்தாரா?"

"இல்ல."

சீதேவிப்பிள்ளை பக்கத்திலிருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். நஸீறா சட்டையைக் கையில் எடுத்தாள். வெட்டுவதா வைப்பதா என்று தெரியாமல் மடியில் போட்டாள்.

"அவர் வந்தா இந்த முதுகோட முன்னுக்கு நிப்பன். வராட்டி திங்கக்கிழமை கிளினிக்குக்குப் போவன். வந்தாலும் போவன்."

"கேதீஸ், அவங்க கேட்டா நான் என்னண்டு சொல்ல?"

"நான் சொல்லிட்டனம்மா. நீங்க இனி ஒண்டும் சொல்லத் தேவையில்ல."

படியில் செருப்பைத் தேடிக் குனிந்தபோது வலப்பக்கம் பிடித்து இழுத்தது. சுவரில் கை ஊன்றி, வாயால் மூச்சு விட்டு, மெல்ல நிமிர்ந்தாள். துணிக்கடைகளுக்கு முன்னால் சனம் நெருக்கியடித்தது. அதற்குள் இறங்கி, பஸ் எடுக்கிற சந்திப் பக்கம் நடந்தாள்.