கைக்குள் ஓடும் சத்தம்

“அத்தை, உங்க கைக்குள்ள யாரு ஓடிக்கிட்டே இருக்காங்க? அவங்களுக்குக் கால் வலிக்காதா?”

நர்ஸ் யீசுனின் மகள், பள்ளி விடுமுறையன்று டயாலிசிஸ் கூடத்துக்கு வந்தபோது கேட்டது இது. கட்டில்களுக்கு நடுவே விளையாடிக்கொண்டிருந்த குழந்தை, சியோக்லானின் இடது கைமேல் தலையைச் சாய்த்தவள், அப்படியே காதை ஒட்டிக்கொண்டு கண்ணை அகல விரித்தாள். கூடமே சிரித்தது. ஆனால் அங்கே படுத்திருந்த ஒவ்வொருவரும் மனசுக்குள் பயந்து பயந்து கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அதுதான்.

சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு மருத்துவர்கள் கையில் ஒரு வழி செய்து கொடுக்கிறார்கள். இரண்டு ரத்தக்குழாய்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துவிட்டால் அங்கே ரத்தம் வேகமாகப் பாயத் தொடங்கும். அந்த இடத்தில்தான் ஊசி குத்தி, ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் கழுவி, மறுபடி உள்ளே அனுப்புவார்கள். காதை வைத்தால் தூரத்து அலை மாதிரி இரைச்சல் கேட்கும். குழாய் உள்ளே தடித்துக் குறுகும்போது இரைச்சல் மெலிந்து விசிலாகிவிடும். அடைத்துக்கொண்டால் ஒன்றுமே கேட்காது. அதனால் காலையில் முகம் கழுவுகிறார்களோ இல்லையோ, கையைக் காதருகே கொண்டுபோய்க் கேட்டுவிடுவார்கள்.

சியோக்லானுக்கு அடுத்த கட்டில் கிம்சுய்க்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. முப்பது வருஷம் மீன்பிடிக் கப்பலின் இயந்திர அறையில் கிடந்தவர். காது இரண்டும் போய்விட்டன. யாராவது பக்கத்தில் வந்து கத்தினால் கொஞ்சம் கேட்கும். மீதியை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். தொட்டுப் பார்க்கலாம் என்றால், சர்க்கரை நோய் விரல்களின் உணர்ச்சியையும் கொண்டுபோய்விட்டது. அதனால் ஊசி குத்துவதற்கு முன் சியோக்லான்தான் எழுந்து போய், அவருடைய மேற்கையில் காதை வைத்துக் கேட்டுச் சொல்வாள். சிஸ்டர் யீசுனும் கேட்பாள். ஆனாலும் போன தடவைக்கு இந்தத் தடவை எப்படி என்று சியோக்லானிடமும் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்வாள்.

டோங்ஷி துறைமுகத்தில் சிப்பி உடைத்துப் பிழைப்பவள் சியோக்லான். புருஷன் இல்லை. மகன் தைபேயில், புத்தாண்டுக்குப் பேசினால் உண்டு.

அன்று செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து மழை. உடம்பில் எவ்வளவு நீர் தேங்கியிருக்கிறது என்று எடை பார்க்கும் இடத்தில் கிம்சுய் அவளுக்காகவே காத்திருந்த மாதிரி நின்றிருந்தார்.

“என்ன சிப்பிக்காரி, இவ்வளவு ஏறியிருக்க! துறைமுகத்துத் தண்ணியப் பூரா குடிச்சிட்டியா?”

“நீங்க மட்டும் என்னவாம்? நேத்து ரெண்டு கிண்ணம் நூடுல்ஸ் சூப் குடிச்சீங்கன்னு கடைக்காரி சொன்னா.”

“என்ன? கேக்கல.”

“சௌகரியத்துக்குத் தகுந்த மாதிரிதான் உங்களுக்குக் காது கேக்கும்!”

சிரித்துக்கொண்டே கட்டிலில் போய்ப் படுத்து, சட்டைக்கையை மேலே சுருட்டினார். சியோக்லான் குனிந்து காதை வைத்தாள். வழக்கமாக ஒரு மூச்சு நேரம் போதும். அன்று அவள் நிமிரவில்லை.

“என்ன, தூங்கிட்டியா?”

அவள் காதைக் கொஞ்சம் மேலே நகர்த்தினாள். தோளுக்குக் கிட்ட அலைச்சத்தம் முடிந்து, கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி ஒரு மெல்லிய விசில்.

“அண்ணே, மேல விசிலடிக்குது.”

அவள் உதட்டை அவர் படித்துவிட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. காது கேட்காதவர் என்பதால் எப்போதும் கூவித்தான் பேசுவார். இப்போது குரல் இறங்கியிருந்தது.

“சிஸ்டர் கேட்டா நல்லாயிருக்குன்னு சொல்லிடு.”

“என்னண்ணே பேசறீங்க?”

“வெள்ளிக்கிழமை அம்மன் வருது. இப்பச் சொன்னா நாளைக்கே சிட்டிக்கு அனுப்பிடுவாங்க, எப்ப விடுவாங்கன்னு தெரியாது. வெள்ளி முடியட்டும். சனிக்கிழமை நானே போய் நிக்கறேன்.”

“அதுக்குள்ள அடைச்சுக்கிட்டா? இனிமே குழாய் வைக்க வேற எடமில்ல, இந்தக் கைதான் கடைசின்னு டாக்டர் சொன்னாருல்ல?”

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவ விட்டுட்டேன். இன்னொரு தடவ விட மாட்டேன்.”

அந்த ஒரு தடவை எதற்காக விட்டார் என்பது சியோக்லானுக்குத் தெரியும்.

கடலோடிகளைக் காக்கும் மாட்சூ அம்மனின் பல்லக்கு வருஷத்துக்கு ஒருமுறை அந்த வழியாக ஊர்வலம் போகும். போகிற வழியில் வீட்டுக்கு வீடு வாசலில் மேசை போட்டு, பூவும் பழமும் தேநீரும் வைத்து, ஊதுபத்தி ஏற்றிக் காத்திருப்பார்கள். கிம்சுய்யின் வீடு உப்பளத்து ஓரம், சந்தின் கடைசியில். அந்தச் சந்தில் மற்றவர்கள் எல்லோரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டதால் பல்லக்கு உள்ளே திரும்புவதுகூட இல்லை. பெரிய சாலையோடு போய்விடும். ஆனாலும் அவர் மேசை போடுவார். நடுக்கடலில் கப்பல் தத்தளித்தபோது நேர்ந்துகொண்டதாம். அம்மன் உள்ளே வருகிறாளா என்பது அவள் விருப்பம், வாசல் இருட்டாக இல்லாமல் பார்த்துக்கொள்வது தன் வேலை என்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன் அதே ஊர்வல நாளில் சியோக்லானின் கைக்குழாய் குறுகிப்போனது. நகரத்துக்குப் போய்ப் பலூன் வைத்து விரிக்க வேண்டும். கூட ஒருவர் வரவேண்டும் என்றார்கள். மகன் போனை எடுக்கவில்லை. கிம்சுய் பேருந்தில் அவளோடு ஏறி உட்கார்ந்துகொண்டார். ஆஸ்பத்திரியில் ‘அண்ணன்’ என்று கையெழுத்துப் போட்டார். குழாய்க்குள் பலூனை ஊதி விரிக்கும்போது மரத்துப்போக ஊசி போட்டும் உயிர் போகிற வலி. அவள் உள்ளே கத்திக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவர் வெளியே கதவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றாராம். அங்கிருந்த ஊழியர் பிறகு சொன்னார். ஒன்றும் கேட்காத காது! அதை வைத்துக்கொண்டு அவர் எதற்காக அங்கே நின்றார் என்று சியோக்லான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். நினைக்கும்போதெல்லாம் அழுகை வரும். அந்த வருஷம் அவர் வாசலில் மேசை இல்லை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை.

யீசுன் ஊசித் தட்டோடு வந்தாள். “அக்கா, அண்ணனுக்கு எப்படி ஓடுது?”

கிம்சுய் சியோக்லானின் உதட்டையே பார்த்தார்.

ஒரு பொய்தான். அவர் அவளிடம் கேட்ட ஒரே உதவியும் அதுதான். அவளுக்கு வாய் வரை வந்தது. ஆனால் அந்த விசில் இன்னும் காதில் இருந்தது.

“விசிலடிக்குது சிஸ்டர். தோள்கிட்ட.”

கிம்சுய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மருத்துவர் ஷீ வந்து ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார். குழாய் நூல்போல் இளைத்திருந்தது. “நல்லவேளை, இப்பவே சொன்னீங்க,” என்றார். கிம்சுய் அன்று போகும்போது அவளிடம் விடைபெறவில்லை.

புதன்கிழமை நகரத்தில் பலூன் வைத்தார்கள். குறுகின இடம் விரியும்போதே கிழிந்துவிட்டது. ரத்தத்தை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அன்றே குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்தார்கள். மறுநாள் அந்த வழியாகக் கிருமி புகுந்து காய்ச்சல். காவோசியுங்கிலிருந்து வந்திருந்த அவருடைய மகள் போனில் சொன்னாள்.

“விட்டிருந்தாலும் தானா அடைச்சிருக்கும்னுதான் டாக்டர் சொல்றார், அத்தை. யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாதாம்.”

“அப்பா பேசறாரா?”

“கண்ண மூடியே இருக்கார்.”

“என்னப் பத்தி ஏதாச்சும்...”

“இல்ல அத்தை.”

உண்மையைச் சொன்னதற்காக சியோக்லான் வருத்தப்படவில்லை. மறுபடி அதே நிலை வந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். ஆனால் சரியானதைச் செய்தவர்களுக்கெல்லாம் தூக்கம் வந்துவிடுவதில்லை. ஒரு மனிதரிடம் அம்மன் வரும் தினத்தை இரண்டு தடவை வாங்கிக்கொண்டாயிற்று. ஒரு தடவை அவராகக் கொடுத்தது. ஒரு தடவை இவள் பிடுங்கியது.

வியாழன் மாலை யீசுனுக்குப் போன் செய்து, மறுநாள் காலை டயாலிசிஸ் ஷிப்டை மதியத்துக்கு மாற்றித் தரச் சொன்னாள்.

“ஏன் அக்கா, உடம்பு சரியில்லையா?”

“சும்மா வீட்டு வேலை,” என்றாள். அந்தப் பொய் தடங்கல் இல்லாமல் வந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் குடையோடு உப்பளத்துச் சந்துக்குப் போனாள். பூட்டிய வீடுகளைத் தாண்டி கடைசி வாசல். தூறல் நிற்கவில்லை. தாழ்வாரத்தில் மடக்கிச் சாய்த்து வைத்திருந்த மேசையை வலது கையால் மட்டும் இழுத்து வந்தாள். குழாய் தைத்த இடது கையால் கனம் தூக்கக் கூடாது. மேசைக் கால்களில் ஒரு பக்கத்தை விரித்துவிட்டு மூச்சு வாங்கினாள். பிறகு மறு பக்கத்தை விரித்தாள். மேசையைத் துடைத்துச் சிவப்புத் துணி விரித்தாள். பையிலிருந்து ஆரஞ்சுகளையும் கொஞ்சம் சாமந்தியையும் எடுத்து வைத்தாள். வெந்நீர்க் குடுவையிலிருந்து மூன்று சிறு கிண்ணங்களில் தேநீர் ஊற்றினாள். தீக்குச்சி மூன்று முறை அணைந்து, நான்காவதில் ஊதுபத்தி பற்றியது.

பெரிய சாலையிலிருந்து மேளம் கேட்டது. வெடிச்சத்தம் நெருங்கி வந்தது. சந்தின் முனையில் நனைந்த கொடிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோயின. யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அவள் ஈரத் தரையில் மண்டியிட்டாள்.

“அம்மா, இது கிம்சுய் வீடு. அவர் வர முடியல. இந்த மேசைய அவர் போட்டதா வச்சுக்கோ. என் பேரு இதுல வேண்டாம்.”

மேளம் தூரமாகி, பிறகு மழைச் சத்தம் மட்டும் இருந்தது. ஊதுபத்தி எரிந்து முடியும்வரை அவள் எழவில்லை. பிறகு தேநீரை மண்ணில் ஊற்றினாள். கிண்ணங்களைத் துடைத்துத் துணியோடு பைக்குள் வைத்தாள். பழமும் பூவும்கூடப் பைக்குள் போயின. மேசையை மறுபடி மடக்கிப் பழைய இடத்திலேயே சாய்த்து வைத்தாள். படியில் விழுந்திருந்த சாம்பலை மழை கரைத்துக்கொண்டு போயிற்று. மதிய ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. குடையை விரித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.