இன்னும் அஞ்சு

ஆறாவது தடவை தூக்கும்போதே உயிர் போய்விட்டது அவளுக்குத் தெரிந்தது. உயிருள்ள உடம்பு தூக்குகிற கைக்குக் கொஞ்சமாவது ஒத்துழைக்கும். கழுத்து விறைக்கும், ஒரு கை தோளைத் தேடும். கண்ணாடிக்கடை வைத்திருந்த அவள் கணவர் சட்டென்று ஈரத்துணி போலத் தொங்கினார். சற்று முன்புதான், கோணிய வாயால் அவளிடம் கேட்டிருந்தார்.

"போதும்டி... எறக்கு."

"இன்னும் அஞ்சு இருக்குங்க" என்று பொறுமையாகச் சொல்லியிருந்தாள்.

அவரைக் கட்டிலில் கிடத்தினாள். மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு முழங்காலை மடக்கி, முதுகை நேராக்கி, மூச்சை இழுத்துப் பிடித்து ஏழாவது தடவை தூக்கினாள். பத்து முடிந்த பிறகுதான் நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

கல்யாணத்துக்கு முன் அவள் பளுதூக்கும் போட்டிகளுக்குப் போனவள். பயிற்சிக்கூடத்தில் 'கிரேன்' என்றால்தான் தெரியும். கல்யாணமான முதல் வாரம் அவர் அவள் தோளை அழுத்திப் பார்த்து, "மூட்டை தூக்குறவன்கூட படுத்த மாதிரி இருக்கு" என்றார். கடைக்கு வருகிறவர்களிடமும் அதையே சொல்லிச் சிரித்தார். இரும்புத் தட்டுகள் பழைய சாமான்காரனிடம் போயின. முழுக்கை ரவிக்கை தைத்துக்கொள்ளச் சொன்னார். இருபத்தோரு வருஷத்தில் அவள் கைகள், அவர் ஆசைப்பட்டபடியே, கொழகொழவென்று ஆகிவிட்டன.

அப்புறம்தான் அவருக்குப் பக்கவாதம் வந்தது. எண்பத்து நாலு கிலோ. முதல் நாள் புரட்டப் போய் இருவரும் தரையில் விழுந்தார்கள். "ஒண்ணுத்துக்கும் லாயக்கில்ல" என்றார். அது மட்டும் தெளிவாக வந்தது.

படுக்கைப்புண் வராமல் அவ்வப்போது திருப்பிப் படுக்க வைத்தால் போதும் என்றார் டாக்டர். அவள் திருப்பினாள். பிறகு உட்கார வைத்தாள். மூன்றாம் மாதம், குளியலறைக்குக் கொண்டுபோகும்போது, தொடையில் பழைய முறுக்கு எட்டிப் பார்த்தது. மறந்துபோன பாஷையை யாரோ பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி. அன்றே ரவிக்கையின் கையைக் கத்தரித்தாள். காலையில் பத்து, சாயங்காலம் பத்து. நெஞ்சு வரை தூக்கி, மூன்று எண்ணி இறக்குவாள்.

அவர் இளைக்க ஆரம்பித்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. எழுபதுக்கு வந்ததும் முட்டையையும் பாலையும் கூட்டினாள். "சாப்பிடுங்க, கனம் கொறையுது" என்று வாயில் திணித்தாள். அவர் கண்ணில் அப்போதுதான் முதன்முதலாகப் பயத்தைப் பார்த்தாள். பார்க்க நன்றாக இருந்தது.

ஒருமுறை வந்திருந்த தங்கையிடம் அவர், "இவ... என்னைத் தூக்கித் தூக்கி..." என்று அழுதார்.

"தூக்கிவிட ஆள் இருக்கே, குடுத்துவச்சவன் நீ" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள் தங்கை.

இப்போது அந்த நாத்தனார் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள்.

"அண்ணி! எங்கண்ணனைக் கையில வச்சுத் தாங்கினீங்களே அண்ணி!"

கதறியபடி அவள் புஜத்தைப் பிடித்தாள். அழுகை பாதியில் நின்றது. விரல்கள் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு மெல்ல விலகின.

"என்ன அண்ணி, கல்லு மாதிரி இருக்கு?"

"தூக்கினது."

நாத்தனார் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். திறந்திருந்த அந்த வாயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் ஆறு பேர் அவரை மாடிப்படியில் இறக்கினார்கள். திருப்பத்தில் மூச்சு வாங்கி நின்றார்கள். முதுகை வளைக்கிறார்கள், நாளைக்கு எல்லோருக்கும் இடுப்பு பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து வீடு காலியானது. கைகள் இரண்டும் செய்ய ஒன்றுமில்லாமல் மடியில் கிடந்தன. நாத்தனார் முட்டியைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தாள்.

"உங்களைத் தனியா விட மனசு வரல. ஒரு மாசம் இங்கயே இருக்கேன் அண்ணி."

"இரேன்."

நாத்தனார் அப்படியே கட்டிலில் சாய்ந்து, அழுத களைப்பில் தூங்கிப்போனாள். பருத்த உடம்பு, மெத்தை நடுவில் நன்றாக அமுங்கியிருந்தது.

கால்மாட்டில் இருந்த போர்வையை எடுத்து நாத்தனார்மேல் போர்த்தினாள். ஓரங்களைச் செருகிவிட்டாள். ஒரு அடி பின்னால் நகர்ந்து, தலையிலிருந்து கால் வரை நிதானமாகப் பார்த்தாள்.

எண்பது இருக்கும்.