தெரிந்தவராக இருக்கலாம்

கணவனை விட்டு வந்தபின் அவள் ஊரை மாற்றினாள், வேலையை மாற்றினாள், போன் நம்பரையும் மாற்றினாள். இப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்தும் வேலை. அவளுடைய புது நம்பர் இரண்டு பேருக்குத்தான் தெரியும்: கடை முதலாளியம்மாவுக்கும் அவள் அக்காவுக்கும்.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு மதியம், சாப்பிட உட்கார்ந்தபோது செய்தி ஒன்று வந்தது.

"கண்ணாடிக் கடை வேலை எப்படிப் போகுது? கை சரியாயிடுச்சா?"

அந்தக் கையை உடைத்தவனே அவள் கணவன்தான். சாப்பாட்டை மூடி வைத்தாள். அக்காவைக் கூப்பிட்டாள்.

"என் நம்பரை யாருக்காவது குடுத்தியாக்கா?"

"சத்தியமா இல்லடி. ஏன்?"

"புதுசா ஏதாவது ஆப் போட்டியா?"

"போட்டோ அனுப்புற ஆப் ஒண்ணு. என்னென்னமோ கேட்டுச்சு, எல்லாத்துக்கும் சரி சரின்னு அமுக்கிட்டேன்."

அவள் போனிலும் அதே ஆப் இருந்தது, செய்தி வந்ததும் அதில்தான். வாடிக்கையாளர்களுக்குப் பிரேம் படம் அனுப்ப, நம்பர் வெளியே தெரியாதபடி, வேறு பெயரோடு கடைப் பெயரைப் போட்டு வைத்திருந்தாள். அக்காவின் போனில் இருந்த நம்பர்களை எல்லாம் அந்த ஆப் கம்பெனி வாரிக்கொண்டது. அதில் தங்கையும் இருந்தாள், அதே ஆப்பை வைத்திருந்த பழைய மாப்பிள்ளையும் இருந்தான். "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று, கூடவே அக்காவின் பெயரையும் போட்டு, அவனுக்கு அவளைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

முதலாளியம்மா கம்பெனிக்குப் புகார் எழுதினார். தகவல்களை நீக்கத் தொண்ணூறு நாள்வரை ஆகலாம் என்று உடனே பதில் வந்தது. ஸ்டேஷனுக்கும் போனார்கள்; போலீஸ்காரர் செய்தியை இரண்டு தரம் படித்தார்.

"இதுல மிரட்டல் எங்கம்மா இருக்கு? நலம்தானே விசாரிச்சிருக்காரு?"

மறுநாள் முதலாளியம்மா முகம் வெளிறிப் பின்னறைக்கு வந்தார்.

"கடை எத்தனை மணிக்கு மூடுவீங்கன்னு ஒருத்தன் போன்ல கேட்டான். எல்லாரும் கேக்கறதுதானேன்னு சொல்லிட்டேன். வச்சப்புறம்தான் உறைச்சுதும்மா."

அவள் அன்றே வேலையை விட்டுப் பின்வாசல் வழியாகக் கிளம்பினாள். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அக்காவிடம் பேசினாள்.

"எங்க போறேன்னாவது சொல்லுடி."

"உனக்குத் தெரிஞ்சா உன் போனுக்கும் தெரிஞ்சிடும்க்கா."

அக்கா அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஐந்து நாள் கழித்து அவன் வந்தான். கடை மூடும் நேரம்வரை எதிர்ப்பக்கம் நின்றான். பிறகு உள்ளே வந்து, மரியாதையாக, ஒரு கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போனான்.

தங்கை எங்கே இருக்கிறாள் என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. அவனுக்கும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.