ஏரிக்காவல் ஸ்பீக்கர்

நினைவுக்கல்லின் மேல் போர்த்தியிருந்த பட்டுத்துணியை நகரத் தலைவர் நியோஸ் இழுத்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். ஒய்மோ அக்கா தட்டவில்லை. கண்ணாடியை மறந்து வந்திருந்ததால் கல்லில் இருந்ததை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மேலே பனி ஏரி உடைந்தது, சேறும் பாறையுமாக வெள்ளம் இறங்கியது, காவல் இருந்தவர் எச்சரிக்காததால் கீழ்த்தெரு முழுவதும் அழிந்தது. இதுதான் இனி எங்கள் ஊர் வெள்ளத்தின் வரலாறாம்.

காவல் இருந்தவர் அக்காவின் கணவர் ஷொதிபெக். ஏரி உடைந்தால் மலைமேல் மாட்டியிருந்த ஸ்பீக்கரில் கத்தி ஊரை மேட்டுக்கு ஏற்றுவது அவர் வேலை. அந்த ஸ்பீக்கரைத்தான் நியோஸ் தன் மகன் கல்யாணத்துக்காக ஆள் அனுப்பிக் கழற்றிக் கொண்டுவரச் செய்தார். ஊரே அதில் பாட்டுப் போட்டு ஆடியது. திரும்ப மாட்ட யாருக்கும் நேரமில்லை. ஏரி உடைந்தபோது ஷொதிபெக் வெறும் தொண்டையால் கத்திக்கொண்டே மலையிலிருந்து ஓடி வந்ததை ஆடு மேய்த்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் அவரை முந்திவிட்டது. செத்தவன் வந்து வாதாடவா போகிறான் என்கிற தைரியத்தில் பழியைக் கல்லிலேயே வெட்டிவிட்டார்கள்.

கல் திறந்ததும் நினைவு விருந்து. எங்கள் வழக்கப்படி செத்தவர் வீட்டார் முதல் ரொட்டியைப் பிட்ட பிறகே மற்றவர்கள் சோற்றில் கை வைப்பார்கள். பிட்டுவிட்டால் யார் மீதும் மனத்தாங்கல் இல்லை என்று பொருள். அதற்காகவே, படம் பிடிப்பவர்களைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, நியோஸ் ரொட்டியை அக்காவிடம் நீட்டினார்.

“பிட்டுக் குடுங்கக்கா. சோறு ஆறுது.”

“அந்தக் கடைசி வரிய அழிச்சிட்டு வா, பிட்டுத் தரேன்.”

“கல்லுல வெட்டினத எப்படிக்கா அழிக்கிறது?”

“மலை மேல மாட்டினத மட்டும் கழட்டத் தெரிஞ்சுதுல்ல, தம்பி?”

அந்தக் கல்யாணத்தில் ஆடாத கால் அங்கே ஒன்றுகூட இல்லை.

ஒய்மோ அக்கா ரொட்டியை வாங்கி, பூ அச்சு குத்திய மேல்பக்கம் கீழே இருக்கும்படி கல்லின் தலையில் கவிழ்த்து வைத்தாள். எங்கள் ஊரில் ரொட்டி கவிழ்ந்து கிடப்பது பாவம்; கண்டால் தவழும் பிள்ளைகூடப் போய் நிமிர்த்தும். நியோஸின் கை பாதி வரை போய்த் திரும்பியது. வேறு ஒரு கையும் நீளவில்லை. தட்டுகளில் சோற்றின் மேல் ஆட்டுக்கொழுப்பு வெள்ளையாக உறையத் தொடங்கியிருந்தது.