நடுங்கும் முட்கள்

மேலாளருக்கு அவருடைய மாமனார் தன் பழைய காரைத் தூக்கிக் கொடுத்தார். மறுநாளே அலுவலகத்தையே வாசலுக்கு இழுத்துப்போய் அதன் முன்னால் நிறுத்திவிட்டார் மனிதர்.

"உள்ளே பாருங்க. டிசைன்னா இதுதான் டிசைன்."

அங்கே கணினித் திரைகளை வடிவமைப்பவள் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். வேகத்துக்கு ஒரு பெரிய வட்டம், பெட்ரோலுக்கு ஒரு சின்ன வட்டம். ஓரத்தில், ஆயில் குறைந்தால் மட்டும் எரியும் சிவப்பு விளக்கு. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, விளக்கு எரியவில்லை. கவலைப்பட ஒன்றுமில்லை என்பதை அது சும்மா இருந்தே சொல்லிவிட்டது. அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

மேலாளர் கண்ணில் பட்டதெல்லாம் வட்டங்களைச் சுற்றியிருந்த மரப்பலகையும் பித்தளையும் நடுங்கும் முட்களும்தான்.

ஐஸ்கிரீம் கிடங்கு ஒன்றின் நிலவரத்தைத் திரையில் காட்ட அவள் செய்துகொண்டிருந்த டாஷ்போர்டுக்கு அன்றே சனி பிடித்தது. திரை முழுக்கத் தேக்கு நிறம் ஏறியது. வரைபடம் இருந்த இடத்திலெல்லாம் பித்தளை வளையம் போட்ட வட்டம் முளைத்தது. ஒன்றைக்கூடக் குறைக்க அவர் சம்மதிக்கவில்லை. முட்கள் அசையாமல் நிற்பதும் பிடிக்கவில்லை.

"லேசா நடுங்கணும்மா. அப்பதான் உயிரோட்டமா இருக்கும்."

"எல்லாமே நடுங்குனா நிஜமா எது நடுங்குதுன்னு எப்படி சார் தெரியும்?"

"நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க."

நடுங்க வைத்தாள்.

கிடங்கு முதலாளியம்மா பார்க்க வந்தார். அவருடைய கிடங்கின் நிலவரமே சுவரில் இருந்த பெரிய திரையில் ஓடியது. மேலாளர் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவர்போல் சிரித்துக்கொண்டு நின்றார்.

"அழகா இருக்கு. எல்லாம் சரியா இருக்கா, இல்லையா?" என்று கேட்டார் அம்மா.

மேலாளர் திரையைப் பார்த்தார். முட்களெல்லாம் ஒரே சீராக நடுங்கின. "சூப்பரா இருக்கும்மா," என்றார்.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் அடித்தது. கிடங்கிலிருந்து அவருடைய தம்பி பேசினார். பின்பக்க அறைக் கதவைச் சரியாகச் சாத்தவில்லையாம், உள்ளே இருந்த ஐஸ்கிரீம் பாயசமாகிவிட்டதாம். அம்மா போனை வைத்துவிட்டு மேலாளரைப் பார்த்த பார்வையில் ஏசியே தேவைப்படவில்லை.

அவள் யாரையும் கேட்கவில்லை. மடிக்கணினியை இழுத்து மரத்தை எடுத்தாள், பித்தளையை எடுத்தாள், வட்டங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். கறுத்த திரையில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி மிஞ்சியது. அதன் கீழே எழுதினாள்: 'பின்பக்க அறை, கதவு திறந்திருக்கிறது'.

"இதை மட்டும் குடுங்க," என்று அம்மா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"நான் ஆரம்பத்துலேர்ந்து சொன்னதும் இதைத்தான்," என்று மேலாளர் அவர் பின்னாலேயே ஓடினார்.

ராத்திரி சாப்பிடும்போது அவளுடைய மாமியார் கேட்டார்: "இன்னைக்கு என்ன வேலை பார்த்தே?"

"ஒரு ஸ்கிரீன்ல இருந்ததையெல்லாம் அழிச்சேன் அத்தை."

"அழிக்கிறதுக்கா உன்னை அவ்வளவு தூரம் படிக்க வச்சாங்க?"

அவள் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள். நெடுநாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.